புள்ளிகளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1886 மே மாதம். பாரிஸ் நகரின் லாஃபித் தெருவில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் எட்டாவது கண்காட்சி திறக்கப்பட்டது. அதுவே கடைசியும். மோனே, ரெனுவார், சிஸ்லி மூவரும் வரவில்லை. மூத்தவரான பிஸாரோ வற்புறுத்திச் சேர்த்த இளைஞர்களில் ஒருவர் ஜார்ஜ் சூரா. வயது 26. அவர் கொண்டுவந்த ஓவியம் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். பெயர், ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’.

சீன் நதியில் பாரிஸை ஒட்டிக் கிடக்கும் சிறு தீவு அது. விடுமுறைக்கு வந்தவர்கள் புல்வெளியில் நிறைந்திருக்கிறார்கள். ஒருவர் சுங்கான் புகைத்தபடி சாய்ந்து கிடக்கிறார். ஒரு பெண் தூண்டில் போடுகிறாள். குடை பிடித்த சீமாட்டியின் கையில் குரங்கைக் கட்டிய கயிறு. இத்தனை கூட்டத்திலும் யாரும் யாரிடமும் பேசுவதாகத் தெரியவில்லை. நடுவில் நிற்கும் வெள்ளை உடைச் சிறுமி மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள். கிரேக்கக் கோயில் சுவரில் ஊர்வலம் போகும் சிற்பங்களைப் போல இக்கால மனிதர்களையும் வரைய விரும்புவதாக சூரா நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

சூரா என்றதுமே நமக்கு வண்ணப் புள்ளிகள்தாம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஓவியத்தின் உயிர் புள்ளிகளுக்கு முன்பே பிறந்துவிட்டது.

1878இல் பாரிஸ் அரசு நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார் சூரா. ஆசிரியர் ஆன்ரி லேமன், புகழ்பெற்ற ஓவியர் ஆங்கரின் மாணவர். அடுத்த ஆண்டே படிப்பை விட்டு, பிரெஸ்ட் துறைமுகத்தில் ராணுவப் பணிக்குப் போனார். திரும்பி வந்தபின் சில ஆண்டுகள் பெரும்பாலும் கறுப்பு, வெள்ளையிலேயே உழைத்தார். சொரசொரப்பான காகிதத்தில் கோந்தே என்னும் கறுப்புக் குச்சியைத் தேய்ப்பார். மேடுகளில் கறுப்பு ஒட்டும். பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். எல்லைக்கோடு இல்லாமல், இருளும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் உருவம் எழும். தீவின் மனிதர்கள் சிலைகளைப் போல உறுதியாக நிற்பது இந்தப் பயிற்சியால்தான்.

1884இல் அவர் முடித்த முதல் பெரிய ஓவியம் ‘அன்யேரில் குளிப்பவர்கள்’. நதிக்கரையில் ஓய்வெடுக்கும் எளிய மக்கள். தொலைவில் ஆலைப் புகைபோக்கிகள். அரசு ஏற்புப் பெற்ற சலோன் கண்காட்சி இதை நிராகரித்தது. மறுக்கப்பட்ட ஓவியர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியிலோ, பீர் விற்கும் கூடத்தில் மாட்டப்பட்டது. ஆனாலும் அங்கேதான் ஓவியர் பால் சிஞ்ஞாக்கின் நட்பு கிடைத்தது.

அதே 1884 மே மாதம், அன்யேருக்கு எதிரே இருந்த லா கிராந்த் ஜாத் தீவுக்கு சூரா போகத் தொடங்கினார். கைக்கு அடக்கமான மரப்பலகைகளில் அங்கேயே வண்ணக் குறிப்புகள் எடுத்தார். பெரிய துணியில் வரைந்ததெல்லாம் ஓவியக்கூடத்தில். 1885 மார்ச்சில் ஓவியம் ஏறக்குறைய தயார். ஆனால் அதை வைக்க இருந்த கண்காட்சி ரத்தானது.

அந்தத் தாமதத்தில்தான் புள்ளிகள் வந்தன. கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், பக்கத்து நூலின் நிறத்தால் ஒரு நூலின் நிறமே மாறித் தெரிவதை 1839இல் விளக்கியிருந்தார். சூரா அதைப் படித்தார். அமெரிக்க இயற்பியலாளர் ரூடின் நூலையும் படித்தார். சாயங்களைத் தட்டில் குழைப்பதைவிடத் தனித்தனிப் புள்ளிகளாக அருகருகே வைத்தால், பார்ப்பவர் கண்ணில் நிறம் ஒளியோடு கலக்கும் என்று நம்பினார். 1885 குளிர்காலத்தில், ஏற்கெனவே நின்ற ஓவியத்தின்மேல் புள்ளிகளை இட்டார். விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனேயோன் இந்தப் பாணியை ‘நியோ இம்ப்ரெஷனிசம்’ என்றார்.

விதி வேறு நினைத்தது. சூரா பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறியது. புல்லில் விழுந்த வெயில் மங்கியது. 1891 மார்ச்சில் சூரா நோயுற்று, 31 வயதில் இறந்தார். ஓவியம் 1926இல் சிகாகோ கலை நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1958இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு இரவல் போனபோது அங்கே தீப்பிடித்தது. சேதமின்றித் தப்பிய அதை, சிகாகோ அதன்பின் வெளியே அனுப்பியதில்லை.

இன்று அதன் முன்னால் நிற்பவர்கள், சூரா கணக்கிட்ட நிறங்களை முழுமையாகக் காண்பதில்லை. அறிவியலை நம்பி அவர் இட்ட மஞ்சள் தோற்றது. கறுப்புக் குச்சியோடு பழகிய கை தோற்கவில்லை. அந்த உருவங்களின் கம்பீரம் ஒரு துளியும் குறையாமல் நிற்கிறது. சூராவின் மேதைமையை நாம் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

1888 பிப்ரவரியில், பாரிஸை விட்டுத் தெற்கே ஆர்ல் நகருக்குப் புறப்படுமுன், ஒரு டச்சு ஓவியர் தம்பியோடு சூராவின் ஓவியக்கூடத்துக்கு வந்தார். அவர் வின்சென்ட் வான்கோ. தெற்கு வெயில் அவரை என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)