தமிழில் கட்டற்ற மென்பொருள் சமூகம்

கட்டற்ற மென்பொருள் சமூகம் என்பது, யாரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளைக் கூடி எழுதி, மொழிபெயர்த்து, கற்பித்து, பராமரித்துவரும் தன்னார்வலர்களின் கூட்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸும் இதற்கு அடித்தளமிட்டன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்கலைக்கழக ஆய்வகங்களில் நிரல் எழுதுவோரிடையே இச்சமூகம் தோன்றியது. தமிழில் இதன் முதல் தலைமுறையினர், கணினித் திரையில் தம் மொழியைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள்.

1990-களில் ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை வைத்திருந்ததே காரணம். உலக மொழிகளுக்குப் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறியின் (யூனிகோட்) முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது அன்றாடக் கணினிகளில் இயங்க மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியை நிரப்ப, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் இணையம் வழியே கலந்து பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே தட்டச்சு செய்து எல்லோருக்கும் வழங்கியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒருவர் செய்ததை மற்றவர் தடையின்றி எடுத்து வளர்க்கும் வழக்கம் இந்த ஆண்டுகளில்தான் தமிழர்களிடையே வேரூன்றியது.

2000-ஐ ஒட்டி லினக்ஸின் கேடீஇ பணிச்சூழலைத் தமிழாக்கும் வேலை தொடங்கியது. முகுந்தராஜ் முன்னெடுத்த ‘தமிழா’ குழு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியையும் ஓப்பன் ஆபீஸ் தொகுப்பையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. அக்குழுவின் இ-கலப்பை பல்லாயிரம் பேருக்குத் தமிழ்த் தட்டச்சின் முதல் கருவியாக அமைந்தது. அதன் பிந்தைய பதிப்புகள் மூல நிரலுடன் குனு பொது உரிமத்தில் வெளியாயின. இக்காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் கலைச்சொல் தேட வேண்டியிருந்தது. இன்று செல்பேசித் திரையில் இயல்பாகத் தெரியும் பல சொற்கள் அந்த விவாதங்களின் விளைவு.

சென்னையில் 1990-களின் பிற்பகுதியில் உருவான லினக்ஸ் பயனர் குழு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சென்னை ஐஐடி வளாகத்தில் கூடிவந்தது. தெரிந்தவர் சொல்ல, தெரியாதவர் கேட்க, கட்டணமில்லாமல் நடந்த அந்தக் கூட்டங்களே பின்னாளில் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஊர்களின் குழுக்களுக்கு முன்மாதிரி ஆயின. இத்தகைய கூட்டுழைப்பு அண்டை நாட்டிலும் நடந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்ட அதற்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006-இல் கிடைத்தது. ஆசியச் சமூகங்கள் மேற்கின் மென்பொருளைப் பயன்படுத்துவதோடு நில்லாமல் உலகுக்கும் வழங்கக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 2009-இல் வியட்நாமில் பிறந்த ஃபாஸ்ஏசியா அமைப்பு, பின்னர் பெரும்பாலும் சிங்கப்பூரில் மாநாடுகள் நடத்தி, ஆசிய நாடுகளின் நிரலாளர்களை ஓரிடத்தில் சேர்த்தது.

அரசுத் தரப்பில் 2005-இல் சென்னையில் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனமும் இதை நடத்தின. பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இங்கிருந்துதான் வெளிவந்தது. உமாசங்கர் ஐஏஎஸ் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது அதன் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் கருவியைக் கொடுத்த அளவுக்கு அதைக் கற்பிப்பதில் கவனம் செல்லவில்லை. கேரளம் இதில் முந்திக்கொண்டது. அங்கே பள்ளி ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி அளித்து, கணினிப் பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் அமைத்தார்கள். அதனால் அங்கு லினக்ஸ் வகுப்பறையில் நிலைத்தது.

தமிழ்நாட்டில் அந்தக் குறையைத் தன்னார்வலர்களே ஈடுசெய்ய முயன்றார்கள். த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் விளக்கியது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மிரண்ட கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்தவை. அவை பகிர்வுரிமையுடன் வெளியானதால் எவரும் படியெடுத்துக் கொடுக்கலாம். முத்து அண்ணாமலையின் எழில் நிரல்மொழியும், அவரும் பிறரும் சேர்ந்து வளர்த்த ஓப்பன் தமிழ் நிரல் தொகுப்பும் இதே பத்தாண்டில் கவனம் பெற்றன. விழுப்புரத்தில் 2013-இல் உருவான குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு விடுமுறை நாட்களில் இலவச வகுப்புகள் நடத்திவருகிறது. பெருநகர நிறுவனங்கள் தராத வாய்ப்பை ஒரு மாவட்டத் தலைநகரின் இளைஞர்கள் தாமே உருவாக்கிக்கொண்டது இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி.

புதுக்கோட்டை மாவட்டம் இதே பயணத்தில் வேறொரு பாதையில் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இம்மாவட்டத்தில் பெரும் வீச்சுடன் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அக்காலத்தில், கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுக்கொண்டார்கள். கற்பித்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். கணினி பரவியபோது மாவட்டத்தின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அதையும் அவ்வழியிலேயே அணுகினார்கள். நா. முத்துநிலவன் உள்ளிட்டோர் அமைத்த கணினித் தமிழ்ச் சங்கம், ஒருங்குறித் தட்டச்சையும் இணையத்தில் எழுதுவதையும் ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தது. 2015 அக்டோபர் 11-இல் இச்சங்கம் புதுக்கோட்டையில் நடத்திய வலைப்பதிவர் திருவிழாவையொட்டி, தமிழ் இணையக் கல்விக்கழகத்துடன் இணைந்து போட்டிகளும் நடந்தன. கூடியவர்களில் பலர் நிரல் எழுதுவோர் அல்லர். ஆயினும் ஒருங்குறியில் எழுதிக் குவித்தவர்கள் அவர்கள்தாம். எழுதுவோர் இல்லாவிட்டால் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் வேலையே இல்லை.

நிரலும் எழுத்தும் சந்தித்த இடமாக, கட்டற்ற இணைய நூலகமான விக்கிமூலத்தைச் சொல்லலாம். 2016-ஐ ஒட்டித் தமிழ் இணையக் கல்விக்கழகம், நாட்டுடைமையான நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் படவடிவில் அங்கு சேர வழிசெய்தது. அப்படங்களில் இருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க சீனிவாசன் ஒரு கட்டற்ற நிரலை எழுதி வெளியிட்டார். எந்திரம் செய்த பிழைகளை மனிதக் கண்தான் திருத்த வேண்டும். பக்கம் பக்கமாக அந்தப் பணி இன்னும் தொடர்கிறது. அதற்கு நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த எந்த ஆசிரியரும் மாணவரும் இன்றே கணக்குத் தொடங்கி ஒரு பக்கத்தைத் திருத்தலாம்.