கூப்பன் அரிசியும் வாக்குச்சீட்டும்

வறிய நாடொன்று தனது மக்களை நீண்டகாலம் நோயின்றி வாழவைக்க முடியுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் பொருளியலாளர்கள் இலங்கையை உதாரணம் காட்டுவது வழக்கம். 1985ஆம் ஆண்டு இத்தாலியின் பெலாஜியோவில் நடைபெற்ற மாநாட்டில், குறைந்த செலவில் நல்ல சுகாதாரத்தை எட்டியவையாக சீனா, கொஸ்டாரிக்கா, கேரளம் ஆகியவற்றுடன் இலங்கையும் ஆராயப்பட்டது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால், அது எவ்வாறு வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

கதை 1931இல் தொடங்குகிறது. டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. பிரிட்டனிலேயே பெண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட அன்றைய பிரமுகர்கள் பலர் இதை விரும்பவில்லை. படிப்பறிவற்ற கிராமத்தவரின் வாசலில் போய் நிற்பதா என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு. (அந்த முதலாவது தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறொரு காரணத்துக்காக; அது தனிக்கதை.)

அந்த வாசலில் நிற்கவேண்டிய நிலை விரைவிலேயே வந்தது. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின, நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகளை மையமாகக் கொண்டு பரவிய மலேரியா சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அரைப்பட்டினியில் கிடந்த உடல்களே முதலில் வீழ்ந்தன. உணவும் மருந்தும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்ற இளம் இடதுசாரிகளில் என்.எம்.பெரேராவும் ஒருவர். 1936 தேர்தலில் அவர் றுவன்வெலவிலும், பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றிபெற்றதைக் கண்ட மற்றைய அரசியல்வாதிகளுக்கு விடயம் புரிந்துவிட்டது. நோயும் பசியும் இனி வாக்குப்பெட்டியில் எதிரொலிக்கும்.

அதன் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. கிராமங்களுக்கு மருந்துச்சாலைகளும் மருத்துவமாதுகளும் வந்தனர். யுத்தகாலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1945இல் கன்னங்கரவின் இலவசக் கல்வி. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14 ஆகக் குறைந்தது. இதற்கு டி.டி.ரி. மருந்துக்கே முழுப் புகழையும் கொடுப்பதுண்டு. மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்ததை அவ்வாறு சொல்பவர்கள் கவனிப்பதில்லை. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1953 காட்டியது. நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜெயவர்தன ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். விலையும் பின்னர் குறைக்கப்பட்டது.

இந்தக் கணக்கில் ஒரு பகுதியினர் சேரவில்லை. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குகளினால் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த 1949 சட்டங்களும் அந்த மக்களை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. அவர்களும் கூப்பன் பெற்றார்கள்தான். ஆனால், அது குறைக்கப்பட்டால் கேட்பதற்கு ஆளில்லை. அவர்களுடைய வைத்தியமோ பிரிட்டிஷ் காலச் சட்டங்களின்படி தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே நீடித்தது. நாடே மெச்சிய இலவச சுகாதாரசேவை தேயிலை மலைகளின் அடிவாரத்தோடு நின்றுவிட்டது.

1973இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அந்நியச் செலாவணி இல்லாத அரசாங்கம் பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்தவனுக்கு வளவில் பலாவும் மரவள்ளியும் இருந்தன. லயத்தில் இருந்தவனுக்கு நாட்டுவதற்கு நிலமில்லை. 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 50 அளவில் இருந்தபோது தோட்டங்களில் அது 100ஐத் தாண்டியது. அதே ஆண்டில்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் எஞ்சியிருந்த ஒன்றரை இலட்சம் நாடற்றோரைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்கள் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தன. பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். அங்கிருந்த ஆயா பதில் சொல்லவில்லை. என்னோடு வந்த முதிய கங்காணி சொன்னார்: "நாட்டுல அரிசியக் குறைச்சா மந்திரி வீட்டுக்குப் போயிருவாருங்க ஐயா. எங்களுக்குக் குறைச்சா நாங்கதான் போவணும்." எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் எழுதிய செய்தியில் அந்த வாசகம் அச்சேறவில்லை. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. அதற்காக நானும் பெரிதாக வாதாடவில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் வந்து, மறு வருடம் அமைச்சரானார். 1984இல் பெண் தொழிலாளர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்தது. 1988 சட்டம் எஞ்சியவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. வாக்கு திரும்பக் கிடைத்த அந்தக் காலப்பகுதியிலேயே தோட்டங்களில் சிசு மரணமும் குறையத் தொடங்கியது. அரசுடைமையாக்கமும் வெளிநாட்டு உதவியும் அதில் பங்காற்றின என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த மக்களுக்கு வாக்கில்லாதிருந்த தசாப்தங்களில் அவர்களது பிள்ளைகளின் மரணம் எந்த அமைச்சரின் பதவிக்கும் ஆபத்தாக இருந்ததில்லை.

கூப்பன் அரிசி 1979இல் உணவு முத்திரையாகி, பிறகு ஜனசவிய, சமுர்த்தி என்று பெயர்மாறி, 2022 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் அஸ்வெசும என்றாகியிருக்கிறது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம்; தோட்டங்களில் 32 சதவீதம்.