புகைக்கு அடியில் தெரிந்த காடு: 1997 தீயும் ரேடார் துணைக்கோளமும்



'புகைமூட்டம்' என்று தலைப்பு கொடுத்தால் முகக்கவசம், இருமல், பள்ளி விடுமுறை என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். காரணம் கேட்டால் 'எல் நினோ வறட்சி' என்று ஒரே வரி. எவ்வளவு காடு எரிந்தது, ஏன் அந்த இடம் எரிந்தது? அதைக் கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் பாருங்க.

1997 செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலையே அறிவிக்கும் அளவுக்குப் புகை. போர்னியோவிலும் சுமத்ராவிலும் தீ. மேலே துணைக்கோளம் இல்லாமல் இல்லை; லேண்ட்சாட் 1972-லேயே வந்துவிட்டது. ஆனால் அது சூரிய ஒளியை நம்பிப் படமெடுப்பது. கீழே புகை என்றால் படத்திலும் புகைதான். புகை இல்லாத நாளிலும் நம்ம ஊர்ப் பக்கம் மேகம் விடுமா என்ன?

ரேடார் அப்படியில்லை. தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அளக்கும். இரவு, மேகம், புகை எதுவும் அதற்குத் தடையில்லை. பிரேசில் 1970களின் தொடக்கத்திலேயே விமானத்தில் ரேடாரை ஏற்றி அமேசானை வரைபடமாக்கியது. பிறகு 1990களில் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்., ஜப்பானின் ஜெர்ஸ்-1 என்று ரேடார் துணைக்கோளங்கள் வந்தன.

கிழக்குக் கலிமந்தானில் தீக்கு முன்னும் பின்னும் ஈ.ஆர்.எஸ்.-2 எடுத்த படங்களை ஜெர்மானிய ஆய்வாளர் ஃப்ளோரியன் சீகெர்ட் குழுவினர் ஒப்பிட்டார்கள். இலையும் கிளையும் கருகிய இடத்தில் எதிரொலி மாறியிருந்தது. 2001-ல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களின் கணக்கு: அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் சுமார் 52 லட்சம் ஹெக்டர் பாதிப்பு. அதில் சரிபாதி, சுமார் 26 லட்சம் ஹெக்டர், காடு.

எண்ணைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் எரிந்தது அண்மையில் மரம் வெட்டப்பட்ட காடு. கைபடாத காடும், எப்போதோ வெட்டி மறுபடி வளர்ந்த காடும் குறைவாகவே பாதிக்கப்பட்டன. வறட்சி எல்லாக் காட்டுக்கும் பொதுதானே? அப்படியென்றால் எல் நினோ மேல் மட்டும் பழியைப் போட முடியாது. விடைத்தாளில் 'இயற்கைப் பேரிடர்' என்று எழுதப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேடாருக்கும் குறை உண்டு. ஈ.ஆர்.எஸ். அனுப்பிய அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர், அடர்ந்த காட்டில் அது மேல் இலைகளோடு நின்றுவிடும். ஜெர்ஸ்-1 அனுப்பியது 23.5 சென்டிமீட்டர், கிளை, அடிமரம் வரை இறங்கும். தோட்டங்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிது. வரிசையாக நட்டு, அகன்ற ஓலை விரித்த செம்பனையின் எதிரொலி தனி மாதிரி, ஓரளவு பிரித்துவிடலாம். வளர்ந்த ரப்பர் மரமோ காடு மாதிரியே தெரிந்து ஏமாற்றும். பால்மரத்தடியில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது!

2014-ல் சென்டினல்-1 வந்த பிறகு வேலை வேகமானது. அதன் படங்களைக் கொண்டு வெட்டப்பட்ட இடங்களுக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாட்டை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஆனாலும் திரையில் ஒரு புள்ளி தெரிந்தால், அது காட்டை அழித்ததா, முதிர்ந்த செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்வதா என்று உறுதி செய்ய இன்றைக்கும் யாராவது அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.