ஒரு நாள் ஓய்வின் விலை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வழக்கமாக நான் எழுதும் சோழர்கள் பற்றியது இல்லை. விளையாட்டைப் பற்றியது, என் தவறு ஒன்றைப் பற்றியதும்கூட.

1970இல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் பேக்லண்ட் என்ற மனநல ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். தினமும் பயிற்சி செய்கிறவர்களிடம் போய், "ஒரு மாதம் நிறுத்துங்கள், பணம் தருகிறேன்" என்றார். கூடுதலாகத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாரத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்யும் கல்லூரி மாணவர்களை வைத்தே ஆய்வை முடித்தார். அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது.

எனக்கு அந்த ஆய்வின் முடிவைவிட, ஆள் கிடைக்காமல் போனதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது. ஆனால் உலகம் அதை அப்படிப் பார்க்கவில்லை. 1976இல் வில்லியம் கிளாசர் என்ற மனநல மருத்துவர், ஓட்டம் போன்ற பழக்கங்களை "நல்ல அடிமைத்தனம்" என்று பாராட்டிப் புத்தகமே எழுதினார். மூன்றே ஆண்டில், 1979இல், வில்லியம் மார்கன் மறுத்து எழுதினார். காயம் பட்டாலும், மருத்துவர் தடுத்தாலும், வீடும் வேலையும் கெட்டாலும் நிறுத்த முடியவில்லை என்றால் அதில் நல்லது என்ன என்பது அவர் வாதம்.

இதற்கு உணவும் சேரும்போது என்ன ஆகும் என்பதை 1997 காட்டியது. அந்த நவம்பர் 7க்கும் டிசம்பர் 9க்கும் இடையில் வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் மூன்று பல்கலைக்கழக மல்யுத்த மாணவர்கள் இறந்தார்கள். வயது 19, 22, 21. மூவரும் குறைந்த எடைப் பிரிவில் இறங்குவதற்காக, சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, காற்றுப் புகாத ரப்பர் உடுப்புக்குள் வியர்வை கொட்டப் பயிற்சி செய்தவர்கள்.

அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டிக்கு ஒரு நாள் முன்பே எடை பார்க்கலாம் என்று அன்று விதி இருந்தது. இன்று வற்றிக்கொண்டு தராசில் ஏறலாம், இரவு தண்ணீர் குடித்துத் தேறலாம், மறுநாள் தன்னைவிடச் சிறியவனோடு மோதலாம். விதியே அப்படிச் செய்யத் தூண்டியது. பார்த்தவர்கள் அதற்கு "மன உறுதி" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1998 ஜனவரியிலேயே விதிகள் மாறின. ரப்பர் உடுப்பு, நீராவி அறை, சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை எல்லாவற்றுக்கும் தடை வந்தது. போட்டிக்குச் சற்று முன்புதான் எடை பார்க்க வேண்டும் என்றார்கள். பிறகு, உடல் கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்றும் வைத்தார்கள். (பெண்கள் விஷயத்தில் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அரைகுறைச் சாப்பாடு, நின்றுபோகும் மாதவிடாய், பலமிழக்கும் எலும்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று 1992இலேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சொல்ல 2014 ஆனது.)

இனி என் கதை. காய்ச்சலோடு ஏரிக்கரையில் ஓடிய ஒரு பையனை, காலை வழிபாட்டில் மேடையேற்றி "இவனைப் பாருங்கள்" என்று சொன்னவன் நான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போனான். ஒரு விடுமுறையில் அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். "சார், பையன் ராத்திரி சாப்பாட்டைத் தொடுறதே இல்ல. ஒரு நாள் ஓடலைன்னா யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கிறான்" என்றார்.

"நல்ல பழக்கம்தானேம்மா, விடுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறு வருடம் கீழே விழாமலே, யாரும் இடிக்காமலே, அவன் கணுக்காலுக்கு மேல் எலும்பு விரிந்தது. வலியோடு பல வாரம் ஓடியிருக்கிறான். அதன்பின் அவன் பந்தயத்தில் ஓடவில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், என் எல்லாப் பதிவுக்கும் விருப்பக்குறி போடுகிறவன் ஆயிற்றே. அம்மாவிடம் நான் அன்று சொன்னது தவறு என்று சொல். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, மதியம் இங்கேயே சாப்பிடலாம்.