தோத்திரம்: புகழ்ச்சி நன்றியான கதை

‘ஸ்து’ என்ற வடமொழி வேருக்குப் புகழ்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ஸ்தோத்திரம் தமிழில் ‘தோத்திரம்’ ஆனது. சைவர்கள் பன்னிரு திருமுறைகளைத் தோத்திரம் என்றும் மெய்கண்ட நூல்கள் பதினான்கைச் சாத்திரம் என்றும் வழங்குவர். இறைவன் பெருமையைப் பாடுவதே அங்கு தோத்திரம். நன்றி அதன் நேர்ப்பொருள் அன்று.

நன்றிக்கு வேறொரு வரலாறு உண்டு. திருக்குறளின் ‘செய்ந்நன்றியறிதல்’ அதிகாரத்தில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை மறவாதிருப்பதே அறிதல். ஆக, நன்றி சொல்ல முதலில் ஒரு நன்மை கைக்கு வந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்தது கிறிஸ்தவ வழக்கு. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான மிஷனரி சீகன்பால்கின் புதிய ஏற்பாட்டுக்குப் பின், பல கைகள் திருத்தி 1871இல் வெளியான புரோட்டஸ்டண்ட் வேதாகமத்தில், நன்றி செலுத்துவதைச் சொல்லும் கிரேக்க வினை பல இடங்களில் ‘ஸ்தோத்திரம்’ என வந்தது. எபிரேயரின் ‘தோதா’ (நன்றி) பலி ‘ஸ்தோத்திரபலி’ ஆயிற்று. லேவியராகமம் 7ஆம் அதிகாரம் கூறும் அந்தப் பலியில் புளிப்பில்லாத அப்பங்களோடு புளித்த அப்பமும் படைக்கப்படும். இறைச்சியை விடியும்வரை வைக்கக் கூடாது. அன்றே உண்டு தீர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் உண்டு தீராது என்பதால் அது இயல்பாகவே பந்தி ஆகிவிடும்.

வீட்டுப் பண்டிகையில் ஸ்தோத்திரம் என்ற சொல்லின் அருமை விளங்கும். தருமபுரி மாவட்டப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் நீண்ட விடுமுறை தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. மகன் பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்காத கிறிஸ்துமஸும், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத கிறிஸ்துமஸும், கடன் வாங்கித் துணி எடுத்த கிறிஸ்துமஸும் எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடியவை. பெற்ற நன்மையை எண்ணிப் பார்த்தால் அன்று வாய் எழாது. ஸ்தோத்திரத்துக்கு அந்தத் தடை இல்லை. அது கிடைத்ததை மட்டும் பார்த்துச் சொல்வதன்று. கொடுப்பவரைப் பார்த்துச் சொல்வது. குடும்ப ஜெபத்தில் “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று தொடங்கிய பிறகுதான் வராத மகனின் பெயரும் முறிந்த உறவும் ஜெபத்துக்குள் வருகின்றன. குறையை மறைக்காமலே துதிக்க இடம் தருவது இச்சொல்லின் பெரிய கொடை.

சபையில் இது காணிக்கையாகவும் உருவெடுத்தது. பிறந்தநாள், திருமண நாள், நோய் நீங்கியது எனக் காரணம் எழுதிய கவரில் ‘ஸ்தோத்திரக் காணிக்கை’ படைப்பார்கள். சந்திக்கும்போது “ஸ்தோத்திரம் ஐயா” என்பது வணக்கமுமாயிற்று.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், பழைய வேதாகமம் ‘ஸ்தோத்திரம்’ என்ற இடங்கள் பலவற்றில் ‘நன்றி’ என்றே எழுதியது. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் லூர்து அன்னை திருத்தலம் உள்ள பி. பள்ளிப்பட்டியைப் போன்ற கத்தோலிக்க ஊர்களில் ‘நன்றித் திருப்பலி’ என்பதே பழகிய சொல். புரோட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் பெரும்பாலும் பழைய வேதாகமமே வாசிக்கப்படுவதால் அவர்களின் வீட்டு ஜெபத்தில் ஸ்தோத்திரம் நிலைத்துவிட்டது.