விரல் நுனியில மூணு டயோடு

1/
2021 மே மாசம். சிதம்பரம் பக்கம் கொரோனா டூட்டி. கடலோர கிராமத்து மீனவர் ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும். சட்டைப் பையில இருந்து ஆக்ஸிமீட்டரை எடுத்து விரல்ல மாட்டிக் காட்டினார். "தொண்ணூத்தஞ்சு இருக்கு சார், நான் வீட்டுக்குப் போயிடுறேன்." அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை மூச்சு வாங்கினார்.

2/
எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 34 மூச்சு. தமனியில இருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தா ஆக்சிஜன் 87. ஒரே ஆளு, ஒரே நேரம், ரெண்டு எண். ஏன்? அது புரியணும்னா அந்தக் கிளிப்புக்குள்ள இருக்குற மூணு டயோடோட கதை தெரியணும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

3/
டயோடுன்னா என்ன? என் பாஷையில சொல்றேன். இதயத்துல நாலு வால்வு இருக்கு. ரத்தம் முன்னாடி போகலாம், திரும்பி வரக் கூடாது. வந்தா வால்வு லீக்குன்னு சொல்லுவோம். டயோடும் அப்படித்தான், மின்சாரத்துக்கான வால்வு. ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது.

4/
அது எதுக்குத் தேவை? நம்ம வீட்டுக்கு வர்ற கரண்டு நொடிக்கு 50 சுற்று, அதாவது நொடிக்கு 100 தடவை திசை மாறும். பேட்டரிக்கு அது ஆகாது, ஒரே திசையில போகணும். சார்ஜருக்குள்ள நாலு டயோடைக் கட்டம் மாதிரி இணைச்சிருப்பாங்க. கரண்டு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ஒரே வழியா வெளிய அனுப்பும்.

5/
2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் மாவட்டமே இருட்டுல கிடந்தப்போ ஜெனரேட்டர் வெச்சிருந்த கடை வாசல்ல செல்போனோட வரிசையில நின்னது நம்மாளுங்க பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஜெனரேட்டர் கொடுத்ததும் திசை மாறுற கரண்டுதான். ஒவ்வொரு சார்ஜருக்குள்ளயும் டயோடு உட்கார்ந்து அதைச் சரிபண்ணிக்கிட்டு இருந்துச்சு.

6/
இப்ப வரலாறு. 1874, ஜெர்மனி. ஃபெர்டினாண்ட் பிரவுன், வயசு 24. உலோகம் கலந்த சில கனிமக் கற்கள்ல கம்பி முனையை வெச்சு கரண்டு விட்டுப் பார்த்தார். ஒரு திசையில நல்லா போச்சு, திருப்பி விட்டா சரியா போகல. ஏன்னு யாருக்கும் தெரியல. எதுக்கு உதவும்னும் தெரியல. விஷயம் அப்படியே கிடந்துச்சு.

7/
அதுக்கு ஒரு வேலை கொடுத்தவர் நம்ம நாட்டுக்காரர். ஜெகதீஷ் சந்திர போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். இந்தியர்ங்கறதால வெள்ளைக்காரப் பேராசிரியரை விடக் குறைஞ்ச சம்பளம் கொடுத்தாங்க. வேண்டாம்னுட்டு, மூணு வருஷம் சம்பளமே வாங்காம பாடம் நடத்தினார். அதே ஊர்ல, சொந்தமா செஞ்ச கருவிகளை வெச்சு வெறும் 5 மில்லிமீட்டர் நீள ரேடியோ அலைகளை உண்டாக்கினார்.

8/
அலையை உண்டாக்கினா போதுமா? வந்து சேர்ந்துச்சான்னு கண்டுபிடிக்கணுமே. அதுக்கு அவர் எடுத்தது கலீனா, ஈயமும் கந்தகமும் சேர்ந்த பளபளப்பான கல். (கடையில விக்கிற சுர்மா பலதுல இருக்கறதும் இந்த ஈயக்கல்தான். குழந்தைங்க கண்ணுக்குப் போடாதீங்க.) அந்தக் கல்மேல உலோக முனையைத் தொட வெச்சார். அலை பட்டதும் கரண்டு மாறுச்சு.

9/
இன்னொண்ணும் பார்த்தார். ரேடியோ அலை மட்டுமில்ல, சாதாரண வெளிச்சம் பட்டாலும் அந்தக் கல்லுக்குத் தெரிஞ்சுது. அதனால அதுக்கு 'செயற்கை விழித்திரை'ன்னே பேர் சொன்னார். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

10/
1901ல லண்டன்ல அதைக் காட்டினார். தந்திக் கம்பெனி முதலாளி ஒருத்தர் காப்புரிமைப் படிவத்தோட தேடி வந்ததையும், தான் மறுத்ததையும் தாகூருக்குக் கடிதமா எழுதியிருக்கார். அறிவை விக்கறதுல அவருக்கு இஷ்டமில்ல. தோழி சாரா புல்லும் சகோதரி நிவேதிதாவும் வற்புறுத்தி அமெரிக்காவுல விண்ணப்பிக்க வெச்சாங்க. 1904 மார்ச் 29ல காப்புரிமை கிடைச்சுது, எண் 755840. குறைக்கடத்திக் கருவிக்கு உலகத்துல முதல் காப்புரிமைன்னு இதைத்தான் சொல்றாங்க. அதுல இருந்து அவர் காசு பார்க்கல.

11/
அதே 1904ல லண்டன்ல ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் வேற வழியில வந்தார். காற்றை எடுத்த கண்ணாடி பல்பு. உள்ளே சூடான இழை ஒண்ணு, எதிர்ல ஒரு தகடு. இழையில இருந்து தகட்டுக்கு மட்டும் கரண்டு போகும். அவரே அதுக்கு வெச்ச பேரு வால்வு. நம்ம தாத்தாக்கள் 'வால்வு செட் ரேடியோ'ன்னு சொன்னாங்களே, அந்தப் பேரு இங்க இருந்து வந்ததுதான். 'டயோடு'ங்கற பேரு 1919லதான் வந்துச்சு.

12/
டாக்டரா ஒரு தகவல். 1913ல கூலிட்ஜ் செஞ்ச எக்ஸ்ரே குழாயும் இதே குடும்பம்தான். சூடான இழை ஒரு பக்கம், டங்ஸ்டன் தகடு மறுபக்கம். பாய்ஞ்சு வர்ற எலக்ட்ரான் தகட்டுல மோதும்போது எக்ஸ்ரே பிறக்குது. நீங்க எடுத்த ஒவ்வொரு நெஞ்சுப் படமும் ஒரு டயோடு எடுத்த படம்.

13/
கல்லுக்குள்ள நடக்கறது 1940லதான் தெளிவாக ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல பெல் ஆய்வகத்துல ரஸ்ஸல் ஓல் ஒரு சிலிக்கான் துண்டைச் சோதிச்சார், நடுவுல விரிசல். வெளிச்சம் பட்டதும் மின்னழுத்தம் காட்டுச்சு. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விதமான சிலிக்கான். அதுதான் பி–என் சந்தி, இன்னைக்கு இருக்குற டயோடு.

14/
கடலூர்–சிதம்பரம் பஸ்ஸா நினைச்சுக்கங்க. என் பக்கம் நிக்கிறவங்க அதிகம், அவங்கதான் எலக்ட்ரான். பி பக்கம் காலி சீட்டு அதிகம். நடு எல்லையில நிக்கிறவங்க பக்கத்துக் காலி சீட்டுல உட்கார்ந்துட்டா அந்த இடமே ஒரு தடுப்பு ஆகிடும். சரியான பக்கம் இருந்து தள்ளினா, சிலிக்கானுக்கு சுமார் 0.7 வோல்ட், தடுப்பு கரையும், கூட்டம் நகரும். எதிர்ப்பக்கம் இருந்து தள்ளினா தடுப்பு இன்னும் அகலமாகும்.

15/
சீட்டுல உட்காரும்போது எலக்ட்ரான் கொஞ்சம் ஆற்றலை விடும். சிலிக்கான்ல அது சூடாப் போயிடும். வேற சில பொருள்ல வெளிச்சமா வரும், அதுதான் எல்இடி. 1962ல நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியற சிவப்பு எல்இடி செஞ்சார். இதையே திருப்பிப் போடுங்க. வெளிச்சம் பட்டு கரண்டு வந்தா அது ஃபோட்டோ டயோடு.

16/
1974ல ஜப்பான்ல தாகுவோ ஆயோகி நாடித்துடிப்பை வெச்சு ஆக்சிஜனை அளக்கலாம்னு கண்டுபிடிச்சார். முதல் கருவிகள் பெருசு. எல்இடி வந்த பிறகுதான் விரல்ல மாட்டுற அளவுக்குச் சுருங்குச்சு. உலகமே ஆக்ஸிமீட்டரைத் தேடி ஓடிக்கிட்டு இருந்த 2020 ஏப்ரல்ல அவர் காலமானார்.

17/
கிளிப்போட ஒரு பக்கம் 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடியும், 940 வாக்குல அகச்சிவப்பு எல்இடியும் மாறி மாறி மின்னும். ஆக்சிஜன் இல்லாத ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஆக்சிஜன் உள்ள ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். எதிர்ப்பக்கம் ஃபோட்டோ டயோடு மிச்ச வெளிச்சத்தைப் பார்த்துக் கணக்கு சொல்லும்.

18/
ஆனா வெளிச்சம் ரத்தத்தை மட்டும் தாண்டல, தோலையும் தாண்டுது. நம்ம தோல்ல இருக்குற மெலனினும் அதை உறிஞ்சும். 2020 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்த அமெரிக்க ஆய்வு இது: மீட்டர் 92–96 காட்டினப்போ, ரத்தத்துல உண்மையில 88க்குக் கீழ இருந்தது வெள்ளையர்ல 3.6%, கறுப்பினத்தவர்ல 11.7%.

19/
வெயில்ல கடல்ல கிடந்து கறுத்த அந்த மீனவரோட விரலை இப்ப நினைச்சுப் பாருங்க. தோல்தான் காரணம்னு ஒரு ஆளை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, விரல் சில்லுன்னு இருந்தாலும் எண் மாறும். ஆனா எண்ணை மட்டும் நம்பி அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆக்சிஜன் வெச்சோம். நடந்தே வீட்டுக்குப் போனார்.

20/
மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லல. அது பல உயிரைக் காப்பாத்தின கருவி. மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத விரல்ல, கையைச் சூடாக்கிட்டுப் பாருங்க. நல்லா இருக்கும்போது உங்க எண் எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. மூச்சு வாங்குதா, பேச முடியலையா, குழப்பமா இருக்கா? எண் எதைக் காட்டினாலும் கிளம்பி வாங்க.

21/
அந்தக் கிளிப்புல வெளிச்சத்தைப் பார்க்குற மூணாவது டயோடு இருக்கே, போஸ் 1901ல காட்டின செயற்கை விழித்திரையோட வாரிசுதான் அது. நம்ம ஊர் ஆளு கண் திறந்து வெச்ச கல். அதுக்கு நம்ம தோல் நிறத்தையும் சரியாப் பார்க்கக் கத்துக்கொடுக்கற வேலை மட்டும் இன்னும் பாக்கி இருக்கு.