ராஜா எழுதிய குத்தகை

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாகக் குமுளிக்கு மலை ஏறுகிறவர்கள் லோயர் கேம்ப்பில் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். மலைக்கு அப்பால் தேங்கிய பெரியாற்றுத் தண்ணீர், குகைவழியே மலையைக் கடந்து இங்கே இறங்கி, வைகையை நோக்கிப் போகிறது. அணை இருப்பது கேரளத்தில். வயல் இருப்பது தமிழ்நாட்டில். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு பழைய குத்தகைப் பத்திரம்.

1886 அக்டோபர் 29-ந் தேதி, திருவிதாங்கூர் மகாராஜா சுமார் எட்டாயிரம் ஏக்கர் நிலத்தை ஆங்கில சர்க்காருக்கு 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தார். ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. 1895-ல் பென்னிகுயிக்கின் அணை முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கு இரு போகம் விளையும் பூமியாயிற்று.

1950 ஜனவரி 26-ல் பாபு ராஜேந்திர பிரசாத் முதல் ராஷ்டிரபதியாகப் பதவி ஏற்றார். எழுதிக் கொடுத்த ராஜாவுக்கு நாடு இல்லை. எழுதி வாங்கிய வெள்ளைக்காரனும் போய்விட்டான். அப்படியானால் அந்தப் பத்திரம் யாரைக் கட்டும்?

புதிய குடியரசுகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1789-ல் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியானபோது, யுத்தகாலக் கடன்கள் வாசலில் காத்திருந்தன. மாகாணங்களின் கடனையும் மத்திய சர்க்காரே ஏற்கவேண்டும் என்று ஹாமில்டன் வாதாடி, 1790-ல் ஜெயித்தார். பழைய கடனை ஒப்புக்கொண்டால்தான் புதிய அரசின் வார்த்தைக்கு மதிப்பு என்பது அவர் கட்சி.

நம் குடியரசுக்கு அந்தச் சோதனை, மொழிவாரி ராஜ்யப் பிரிவினையோடு வந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர் மிகுதி. அவை தமிழகத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. பஸல் அலி கமிஷன் 1955-ல் மறுத்துவிட்டது. அங்குள்ள தமிழரில் பலர் வந்து போகும் தோட்டத் தொழிலாளிகள் என்பது கமிஷன் சொன்ன காரணங்களில் ஒன்று. மண்ணில் உழைப்பவனை மண்ணுக்கு உரியவனாக எண்ணாத அந்தக் கணக்கு இன்றும் என் மனத்துக்கு ஒப்பவில்லை.

1956 மார்ச் 23 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில் மந்திரிசபை கிடையாது, ராஷ்டிரபதி ஆட்சி. அந்த நிலையிலேயே ராஜ்யச் சீரமைப்புச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறி, ஆகஸ்ட் 31-ந் தேதி அவர் சம்மதம் பெற்றது. நவம்பர் 1-ல் கன்னியாகுமரிச் சீமையும் செங்கோட்டையும் நமக்கு வந்தன, பீர்மேடு போயிற்று.

சம்மதம் அவருடையது, முடிவு மந்திரிகளுடையது. மந்திரிசபையின் யோசனைப்படியே ராஷ்டிரபதி நடக்கவேண்டுமா என்ற கேள்வி அவர் மனத்தை உறுத்தியதுண்டு. 1951-ல் நிபுணர்களைக் கேட்டார். 1960-ல் பொதுமேடையிலேயே அதை ஆராயச் சொன்னார். ஆனால் முடிவில் மந்திரிசபையின் சொல்லுக்கு அடங்கியே நடந்தார். அதுவும் ஒரு முன்மாதிரிதான்.

அந்தச் சட்டத்தில் 108-வது பிரிவு என்று ஒன்று உண்டு. ராஜ்யங்களின் எல்லை மாறினாலும் பாசன ஒப்பந்தங்கள் தொடரும் என்கிறது அது. அன்று எல்லையைப் பற்றிக் கூட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பிரிவைப் படித்திருப்பார்கள்? 1970-ல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் நீர்மட்டத்தைப் பற்றிப் பெரிய வழக்கு மூண்டது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தபோது, 1886-ஆம் வருஷத்துப் பத்திரம் செல்லும் என்றே சொல்லிற்று.

அணைக்குக் கீழே வாழும் மலையாள சகோதரரின் பயத்தை நான் பரிகசிக்கமாட்டேன். அந்தப் பயத்துக்கும் நியாயமான பதில் வேண்டும். ஆனால் பழைய வாக்கைக் கிழித்துப் போட்டிருந்தால், எதன்மேல் நின்று நாம் பேசியிருப்போம்? எல்லைக்காக நடந்த போராட்டம் நினைவிருக்கிறது; வயலைக் காத்த அந்த ஒரு பிரிவை நாம் மறந்துவிட்டோம். கம்பத்தில் நாற்று நடுகிறபோதாவது அதை நினைத்துக்கொள்ளலாம்.